செங்கல் மண்ணில் மல்லிகை

கிள்ளான் பள்ளத்தாக்கில் மல்லிகை வளர்க்க முயலாத தமிழ்க் குடும்பம் அரிது. முயன்று ஒருமுறையேனும் தோற்காத குடும்பம் அதனினும் அரிது. பண்ணையிலிருந்து வாங்கி வரும்பொழுது செடி பசேலென்று இருக்கும். கிளைதோறும் மொட்டு இருக்கும். ஒரு மாதம் பூக்கும். பிறகு அடியிலைகள் மஞ்சளாகும், நுனிகள் துவளும். செடி வாடுகிறதே என்று வீட்டார் இன்னும் ஒரு குவளை நீர் ஊற்றுவர். செடி மேலும் வாடும். மேலும் ஊற்றுவர். இரண்டு வாரத்தில் தொட்டியில் நிற்பது குச்சி மட்டுமே. கண்ணேறு பட்டது என்பார் சிலர். கைராசி இல்லை என்பார் சிலர். இந்நாட்டு மழை மல்லிகைக்கு ஒவ்வாது என்பார் பலர்.

உண்மைக் காரணம் மண்ணுக்குக் கீழே மறைந்து கிடக்கிறது. அச்செடி நீரின்றி மடியவில்லை. நீர் மிகுந்து, காற்றின்றி, மூச்சுத் திணறி மடிந்தது. இதனை அறிந்துகொண்டால் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் மல்லிகை வளர்ப்பது எளிய செயலே ஆகும்.

இதனை அறிய வேண்டிய தேவை முன்னினும் இப்பொழுது மிகுதி. தோட்டத்து லயத்து வீட்டின் முன் ஒரு துண்டு நிலமாவது இருந்தது. அதில் முருங்கையும் கருவேப்பிலையும் மல்லிகையும் நின்றன. நகரம் விரிந்தபொழுது பால்மரத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறின. அங்கு வாழ்ந்தோர் பலர் அடுக்குமாடி வீடுகளில் குடியேறினர். அவர்களுக்கு இன்று நிலம் என்பது ஒரு தொட்டியின் அளவே. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் உள்ள பூக்கடைகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் மல்லிகை வருகிறது. ஆயினும் அதனை நாள்தோறும் விலை கொடுத்து வாங்க எல்லாக் குடும்பங்களாலும் இயலாது. மாலையில் சாமி படத்துக்கு ஒரு கைப்பிடிப் பூ வேண்டுமெனில், அத்தொட்டிச் செடி பிழைத்தாக வேண்டும்.

மழை பகையா?

மதுரையில் ஆண்டொன்றுக்குச் சற்றேறக்குறைய 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கோலாலம்பூரில் 2,400 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது, ஏறத்தாழ மும்மடங்கு. மதுரை மல்லிகையோ 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அளவுக்குப் புகழ் வாய்ந்தது. ஆகவே வறண்ட நிலமே மல்லிகைக்கு ஏற்றது, மழைநாடு ஏற்றதன்று என்று முடிவு கட்டத் தோன்றும்.

அம்முடிவு பிழை. மலாய் மக்கள் ‘மெலூர்’ என்று அழைப்பதும் நம் மல்லிகையே. இந்தோனேசியாவில் இதன் பெயர் ‘மெலாத்தி’. 1990இல் அந்நாடு இதனைத் தன் தேசிய மலர்களுள் ஒன்றாக அறிவித்தது. பிலிப்பைன்ஸ் நாட்டில் இது ‘சம்பகித்தா’. அங்கு 1934 முதல் இதுவே தேசிய மலர். இவ்விரு நாடுகளும் மழைக்குப் பெயர் பெற்றவை. அங்கெல்லாம் செழிக்கும் செடி கிள்ளான் பள்ளத்தாக்கில் மட்டும் ஏன் மடிய வேண்டும்? மழை பெய்வதால் மல்லிகைக்குக் கேடில்லை. பெய்த மழை வேரடியில் தேங்கி நிற்பதே கேடு.

வேரும் மூச்சும்

இலை மூச்சு விடுகிறது என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. வேரும் மூச்சு விடுகிறது என்பதைப் பெரியோரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வேரின் உயிரணுக்கள் உயிர்வளியைக் கொண்டுதான் ஆற்றல் பெறுகின்றன. அவ்வாற்றலைக் கொண்டே நீரையும் உப்புக்களையும் உள்வாங்குகின்றன. நல்ல மண்ணில் துகள்களுக்கிடையே நுண்ணிய இடைவெளிகள் உண்டு. மழை பெய்ததும் அவை நீரால் நிரம்புகின்றன. நீர் வடிந்ததும் பெரிய இடைவெளிகளில் காற்றுப் புகுகிறது. சிறிய இடைவெளிகளில் நீர் தங்குகிறது. வேர் ஒன்றிலிருந்து பருகுகிறது. மற்றொன்றிலிருந்து மூச்சு வாங்குகிறது.

நீர் வடியாவிடில் என்னாகும்? காற்றில் உயிர்வளி பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், நீரில் அது பரவும் வேகம் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆதலின் நீர் தேங்கிய மண்ணில் எஞ்சியிருக்கும் உயிர்வளி ஓரிரு நாளிலேயே தீர்ந்துவிடும். நுனிவேர்கள் முதலில் இறக்கும். இறந்த வேரில் அழுகல் நோய்ப் பூசணங்கள் குடிபுகும். வேர் செத்தபின் அதனைச் சுற்றி நீர் எவ்வளவு இருந்தாலும் இலைக்கு ஏறாது. ஈரமண்ணில் நின்றுகொண்டே செடி வாடுவது இதனாலேதான். அப்பொழுது ஊற்றும் நீர், மூழ்கியவன் மேல் இன்னொரு குடம் கொட்டுவதற்கு ஒப்பாகும்.

நெல் மட்டும் சேற்றில் எப்படி வாழ்கிறது என்று கேட்கலாம். நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்று செல்லும் குழாய்கள் போன்ற அமைப்பு உண்டு. இலை வழியாகப் புகும் காற்று அவ்வழியே வேர்வரை இறங்குகிறது. மல்லிகைக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. நம் முன்னோர் நிலத்தைப் பகுத்த முறையும் இதற்குப் பொருந்தியே இருக்கிறது. காடும் காடு சார்ந்த மேட்டு நிலத்துக்கு முல்லை என்று பெயரிட்டனர். வயலும் வயல் சார்ந்த தாழ்நிலத்துக்கு மருதம் என்று பெயரிட்டனர். முல்லையும் மல்லிகையும் ஒரே இனத்துக் கொடிகள். முல்லை நிலத்துச் செடியை மருத நிலத்தில் நட்டுவிட்டுப் பூவை எதிர்பார்ப்பதே இங்குப் பலரும் செய்யும் தவறு.

பள்ளத்தாக்கின் மூவகை மண்

கோலாலம்பூர் 1881ஆம் ஆண்டில் தீயாலும் வெள்ளத்தாலும் அழிந்தது. அன்றைய வீடுகள் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆனவை. அடுத்த ஆண்டில் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், நகரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டச் செய்தார். அதற்கு வேண்டிய செங்கல்லைச் சுட்ட களமே பிரிக்பீல்ட்ஸ். ‘செங்கற்களம்’ என்பதே அப்பெயரின் பொருள். பின்னர் இரயில்வேத் தொழிலாளராக வந்த தமிழர் அங்கு மிகுதியாகக் குடியேறினர்.

செங்கல்லுக்கு உகந்த மண் எத்தகையது? பிசைந்தால் ஒட்ட வேண்டும். அச்சில் இட்டால் வடிவம் மாறாது நிற்க வேண்டும். நீரை எளிதில் விடலாகாது. இப்பண்புகளைத் தருவது களி. களித்துகள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைந்த அளவினது. அத்துணைச் சிறிய துகள்கள் நெருங்கிப் படியும்பொழுது காற்றுப் புகும் இடைவெளி இராது. சூளைக்குச் சிறந்த மண் வேருக்குத் தீயது என்பதற்கு இவ்வூரின் பெயரே சான்று.

கிள்ளானை நெருங்கினால் மண் வேறு. அங்குக் கடலோரக் களி பரந்துள்ளது. நிலம் தாழ்வு, தோண்டினால் சிறிது ஆழத்திலேயே நீர் ஊறும். கடற்கரைத் தோட்டங்களில் முதலில் வடிகால் வெட்டி, அலைநீர் புகாதபடி வரம்பு கட்டிய பின்னரே பால்மரமும் தென்னையும் செம்பனையும் நட முடிந்தது. நெடுமரங்களுக்கே வடிகால் வேண்டியிருந்த நிலத்தில், வீட்டுவாசல் மல்லிகைக்கு அது வேண்டாமா?

மூன்றாவது வகை பழைய ஈயச் சுரங்க நிலம். சுங்கை பெசி, பூச்சோங், அம்பாங் முதலிய பகுதிகளில் ஈயம் அரித்தெடுத்தபின் மணல் மேடுகளும் குட்டைகளும் எஞ்சின. அவற்றின் மேல் இன்று வீடுகள் நிற்கின்றன. அம்மணலில் நீர் தேங்காது; ஆனால் தங்கவும் செய்யாது. இட்ட உரம் அடுத்த மழையில் அடித்துச் செல்லப்படும். நண்பகலில் மேல்மண் கொதிக்கும். இங்கு மல்லிகை மூச்சுத் திணறாது. பசியாலும் தாகத்தாலும் மெலியும்.

தம் வீட்டு மண் எவ்வகை என்பதை எவரும் அறியலாம். ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணை இட்டு, நீர் நிரப்பி, நன்கு குலுக்கி வைக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல். இரண்டொரு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். ஒரு நாள் ஆகியும் நீரைக் கலங்கலாக வைத்திருப்பது களி. மேல் அடுக்கு எவ்வளவு தடிப்போ அவ்வளவுக்கு எச்சரிக்கை வேண்டும்.

நிலத்தில் நடுதல்

நிலம் உள்ளவர்கள் நடுமுன் இன்னொரு சோதனையும் செய்யலாம். ஓர் அடி ஆழமும் ஓர் அடி அகலமுமாகக் குழி தோண்டி, நீர் நிரப்பி, அது வடிந்ததும் மீண்டும் நிரப்ப வேண்டும். இரண்டாம் முறை நிரப்பிய நீர் மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்கினால் அம்மண் மல்லிகைக்கு ஏற்றது. மறுநாளும் நீர் நின்றால் அவ்விடத்தில் குழி வெட்டி நடுதல் கூடாது.

இங்கே பலர் ஒரு தவறு செய்கின்றனர். களி நிலத்தில் ஆழக் குழி வெட்டி, அதனுள் கடையில் வாங்கிய நல்ல மண்ணை நிரப்பிச் செடியை நடுகின்றனர். சுற்றிலும் களி, நடுவில் மட்டும் பொலபொலப்பான மண். மழைநீர் முழுவதும் அக்குழிக்குள் இறங்கும்; வெளியேற வழியிராது. குழி கிணறாகிவிடும். வேறு சிலர் களியோடு சிறிது மணல் கலக்கின்றனர். களியோடு மணல் கலப்பது செங்கல் அறுப்போர் செய்யும் வேலை. சிறிதளவு மணல் களியை இளக்காது, இறுக்கவே செய்யும்.

செய்யத்தக்கது மேடு கட்டுதலே. நிலமட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரமும் மூன்றடி அகலமுமாகப் பாத்தி உயர்த்தி, மட்கிய இலையுரமும் தொழுவுரமும் தாராளமாகக் கலந்து, அதன்மேல் நட வேண்டும். மட்கு களித்துகள்களைச் சிறு உருண்டைகளாகத் திரட்டுகிறது. உருண்டைகளுக்கிடையே காற்றுப் புகுகிறது. மணல் நிலத்துக்கும் மருந்து அதே மட்குத்தான். அங்கு அது நீரையும் உரத்தையும் பிடித்து வைக்கிறது. இந்நாட்டு மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை உடையது. ஆதலின் பாத்திக்குச் சிறிதளவு தோலமைட்டுச் சுண்ணாம்புத் தூள் இடுதல் நலம். அக்டோபர், நவம்பர் மாதங்களின் பெருமழைக்கு முன்பே செடி வேர்பிடித்திருக்குமாறு சூன், சூலை அளவில் நடுவது பாதுகாப்பானது.

தொட்டியும் ஸ்பாஞ்சும்

தொட்டியின் அடியில் கல்லோ ஓட்டுத்துண்டோ போட்டால் நீர் நன்கு வடியும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. இது சரியன்று என்பதைப் பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சைக் கொண்டே காட்டலாம். ஒரு நீள்சதுர ஸ்பாஞ்சை நீரில் நனைத்துத் தட்டையாகப் பிடித்தால் சிறிது நீர் சொட்டி நின்றுவிடும். அதனையே நிமிர்த்திச் செங்குத்தாகப் பிடித்தால் மேலும் நீர் சொட்டும். ஸ்பாஞ்சு அதுவே; உயரம் மட்டுமே மாறியது.

தொட்டி மண்ணும் அவ்வாறே. நீர் வடிந்து நின்ற பிறகும் அடியில் சில அங்குலம் நீர் தோய்ந்த மண்ணாகவே இருக்கும். நுண்ணிய இடைவெளிகள் நீரை இழுத்துப் பிடித்துக்கொள்வதே காரணம். அடியில் கற்களை இட்டால், மண்ணில் நிற்கும் நீர் கற்களின் பெரிய இடைவெளிக்குள் எளிதில் இறங்காது; தோய்ந்த பகுதி அப்படியே கல்லுக்கு மேலே ஏறிவிடும். வேருக்கு உரிய இடம் குறையும். கல் இடுவதற்குப் பதிலாகத் தொட்டி முழுவதும் ஒரே சீரான பொலபொலப்பான கலவையை நிரப்புவதே முறை. துளையை மறைக்க ஒரு வலைத்துண்டு போதும். ஆழமில்லாத அகன்ற தொட்டியைவிட, ஓர் அடிக்குக் குறையாத ஆழமுள்ள தொட்டி மல்லிகைக்கு நல்லது.

கலவையைப் பொறுத்தவரை இந்நாட்டுச் செடிப் பண்ணைகளில் வழங்கும் அளவு எளியது: மண் மூன்று பங்கு, மட்கிய உரம் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு. 1930இல் தொடங்கிய தொழுநோயாளர் குடியிருப்பையொட்டி வளர்ந்த சுங்கை பூலோச் செடிப் பண்ணைகளிலும், பிற இடங்களிலும் ஆயத்தக் கலவை கிடைக்கிறது. மழையில் நனையும்படி வெளியே வைக்கும் தொட்டிக்கு மணலை இரண்டு பங்காக்கி, கருக்கிய நெல் உமியும் ஒரு பங்கு சேர்க்கலாம். உமி இலேசானது, மண்ணை இறுக விடாது. இரண்டாண்டுக்கு ஒருமுறை கலவையை மாற்ற வேண்டும். மட்கு கரைந்து துகள் நுண்மையாகிவிட்டால், முதலாண்டில் நன்கு வடித்த தொட்டியே மூன்றாம் ஆண்டில் சேறு கட்டும்.

தொட்டி எதனால் ஆனதாயினும் அடியில் அகன்ற துளைகள் இருத்தல் வேண்டும். மெருகு பூசாத சுட்ட மண்தொட்டி சிறந்தது. அதன் சுவரின் வழியே ஈரம் கசிந்து ஆவியாகிறது, காற்றும் சிறிது புகுகிறது. குவாலா சிலாங்கூரை அடுத்த கம்போங் குவாந்தானில் பொங்கல் பானையும் அகலும் செய்யும் தமிழ்க் குயவர் இன்றும் உள்ளனர். பச்சையாக இருக்கையில் வேரைத் திணறச் செய்யும் அதே களி, நெருப்பில் வெந்தபின் வேருக்குக் காற்றோட்டம் தரும் கலமாகிறது.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு இருவகையில் கேடு தரும். தேங்கிய நீர் துளை வழியே மீண்டும் மேலேறி வேரைத் தோய்க்கும். ஏடிஸ் கொசுவும் அதில் முட்டையிடும். முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். டிங்கிக் காய்ச்சல் மிகுந்த சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் இது சிறிய செய்தியன்று. வீட்டில் கொசு முட்டையிட இடந்தருவது 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். தட்டை நீக்கி, மூன்று செங்கல் துண்டுகளின் மேல் தொட்டியை நிறுத்தினால் செடிக்கும் குடும்பத்துக்கும் ஒருங்கே நலம்.

தலைக்கு வெயில், அடிக்கு நிழல்

மல்லிகை புதுத் தளிரில்தான் மொட்டு விடும். தளிருக்கு வெயில் வேண்டும். நாளொன்றுக்கு ஆறு மணி நேர நேர்வெயிலேனும் கிடைத்தால் நன்கு பூக்கும். ஐரோப்பியத் தோட்ட நூல்கள் தெற்குச் சுவரோரத்தைப் பரிந்துரைக்கும். அது கோலாலம்பூருக்குப் பொருந்தாது. இந்நகரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகையில் உள்ளது. மார்ச்சு இறுதி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை நண்பகற் கதிரவன் வடக்கே சாய்ந்தும், மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்தும் செல்கிறது. ஆகையால் கூரையுள்ள மாடி முகப்புக்களில் ஆண்டு முழுவதும் வெயில் பெறுவன கிழக்கும் மேற்கும் நோக்கியவையே.

வெயில் இலைக்கு நன்று, தொட்டிக்குத் தீது. இதனைக் குளிர்நாட்டார் தங்கள் கிளமாட்டிஸ் கொடியிடம் கற்றனர். சீனத்திலிருந்து 1900ஆம் ஆண்டில் எர்னஸ்ட் வில்சன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்ற ஆர்மாண்டு கிளமாட்டிஸ், இலையுதிரா வெண்மலர்க் கொடி, மணமும் உடையது. குளிர்காலம் கழிந்து பூப்பது அதன் இயல்பு. குளிரே இல்லாத கோலாலம்பூருக்கு அது ஏற்றதன்று. ஆயினும் அதனை வளர்ப்போர் கைக்கொள்ளும் இரு விதிகள் மல்லிகைக்கும் அப்படியே பொருந்தும். நீர் வடியும் மண் வேண்டும் என்பது ஒன்று. கொடியின் தலை வெயிலிலும் அடி நிழலிலும் இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி பிற்பகல் வெயிலில் சுடும். சுவரையொட்டிய வேர்கள் வெந்துபோகும். மல்லிகைத் தொட்டியின் முன் துளசி போன்ற சிறு செடித்தொட்டிகளை வரிசையாக வைத்தால் அவை நிழல் தரும். மண்ணின்மேல் உலர்ந்த சருகு பரப்புதலும் நன்று.

நீர், உரம், கத்தரிப்பு

நீர் ஊற்ற நேரம் குறித்தல் கூடாது. மண்ணைத் தொட்டுப் பார்த்தே ஊற்ற வேண்டும். விரலின் இரண்டாம் கணு வரை நுழைத்து, ஈரம் இருந்தால் அன்று வேண்டாம். உலர்ந்திருந்தால் அடித்துளை வழியே ஒழுகும் வரை ஊற்றி விட்டுவிட வேண்டும். மழைச்சாரல் படும் தொட்டிக்குப் பல நாட்கள் நீரே தேவைப்படாது. வெயில் படும் மண்தொட்டிக்கு வறண்ட வாரங்களில் நாள்தோறும் தேவைப்படலாம்.

மழை மிகுந்த நாட்டில் உரம் கரைந்தோடும். எனவே ஒரேயடியாக மிகுதியாக இடாமல் சிறிது சிறிதாக இருவாரத்துக்கு ஒருமுறை இடுதல் முறை. தழைச்சத்து மிகுந்தால் இலை மலியும், பூ குறையும்.

தமிழ்நாட்டில் குண்டுமல்லியை நவம்பர் இறுதியில் கத்தரிப்பர். பனிக்காலம் கழிந்து பங்குனி, சித்திரையில் பூ குலுங்கும். இங்குப் பனிக்காலம் இல்லை. செடிக்கு ஓய்வு தருவது கத்தரிக்கோல்தான். ஒரு பூப்பு ஓய்ந்ததும் பூத்த கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டால் புதுத்தளிர் கிளம்பி மீண்டும் மொட்டு வைக்கும். வெட்டிய கிளைகளில் சற்று முற்றியவற்றை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, ஈரமணலில் ஊன்றி நிழலில் வைத்தால் சில வாரங்களில் வேர்விடும். அடுக்கிதழ்க் குண்டுமல்லி விதையால் பெருகுவதில்லை. கைக்குக் கை, வீட்டுக்கு வீடு குச்சியாகவே பரவுகிறது.

வாடிய செடியைக் காத்தல்

ஈரமண்ணில் செடி வாடினால் நீரை உடனே நிறுத்த வேண்டும். தொட்டியைச் சாய்த்து மண்ணோடு செடியை வெளியே எடுத்துப் பார்க்கலாம். உயிருள்ள வேர் வெளிறிய நிறத்தில் உறுதியாக இருக்கும். செத்த வேர் கருத்துக் குழைந்து, தொட்டால் தோல் உரியும். கெட்ட வாடை வீசும். செத்தவற்றை நறுக்கி நீக்கி, மேற்கிளைகளையும் பாதியாகக் குறைத்து, புதுக் கலவையில் நட்டு, சில நாட்கள் நிழலில் வைத்தால் பாதி வேரேனும் எஞ்சிய செடி பெரும்பாலும் பிழைக்கும்.

இவையனைத்தும் தமிழ்ப்பள்ளி மாணவர்களும் செய்யத்தக்கவை. மண் நிறைந்த ஒரு புட்டி, ஒரு ஸ்பாஞ்சு, துளையுள்ள இரண்டு தொட்டிகள் போதும். ஒரு தொட்டியை நீர்த்தட்டில் நிறுத்தி, மற்றொன்றைச் செங்கல்லின்மேல் நிறுத்தி, இரண்டிலும் ஒரே செடியின் குச்சிகளை வளர்த்துப் பார்க்கட்டும். எது தழைக்கும், எது மஞ்சளாகும் என்பதைப் பிள்ளைகளே தம் தாய்மார்க்கு எடுத்துரைப்பர்.